காணாமல் போன பதினாறு பக்கம்

ஒரு பஸ் கண்டக்டரைப் பிடித்து ஒரு மாதம் தனி அறையில் பூட்டி வைத்தால் அவர் என்னத்துக்கு ஆவார், நீங்களே சொல்லுங்கள். இருபத்திரண்டு வருடம் நெரிசலிலேயே குப்பை கொட்டிய மனிதர். "உள்ள போங்க, உள்ள போங்க, படியில தொங்காதீங்க" என்று நாளைக்கு ஆயிரம் தடவை கத்தியவர். யாருக்கு எந்த ஸ்டாப், யார் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், எந்த ஆபீசில் யாரோடு யாருக்கு ஆகாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்பேர்ப்பட்டவருக்கு ரத்தத்தில் கோளாறு வந்தது. தம்பியிடமிருந்து எலும்பு மஜ்ஜை எடுத்து இவருக்கு ஏற்றினார்கள். "புது மஜ்ஜை வேலை செய்ய ஆரம்பிக்கணும். வெள்ளணு ஐந்நூறைத் தாண்டற வரைக்கும் உங்ககிட்ட யாரும் நெருங்கக்கூடாது" என்று சொல்லிக் கண்ணாடி அறைக்குள் போட்டுவிட்டார் டாக்டர்.

அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, நாள் முழுக்க உர்ரென்று காற்றை வடிகட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய். ஜன்னல் உண்டு, திறக்காது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு வெளியே நடைபாதை, அதில் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி. பேசுவதற்குக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு போன். மருந்து கொடுக்க வரும் நர்ஸ் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு வருவாள். அவளுடைய புருவம் மட்டும்தான் கண்டக்டருக்குத் தெரியும். புருவத்தைப் பார்த்துப் பேசிப் பழக வேண்டியதாகிவிட்டது.

பேச்சு எங்கே வந்தது? முதல் வாரமே வாய் முழுக்கப் புண். மருந்தின் வேலை. எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் முட்டும். செல்போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். டிப்போ நண்பர்கள் சிரிப்பும் கும்மாளமுமாகப் படம் எடுத்து அனுப்பினார்கள். அதில் ஒன்றில் இவருடைய ரூட்டில், இவருடைய பஸ்ஸில், வேறொருவன் பையை மாட்டிக்கொண்டு நின்றான். அன்றைக்குப் போனை அணைத்துக் கவிழ்த்துப் போட்டவர்தான், அப்புறம் தொடவே இல்லை.

பிள்ளைகுட்டி கிடையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்காருகிற ஒரே ஜீவன் அவருடைய மனைவி. நாள் தவறாமல் மூன்று மணிக்கு வருவாள், ஐந்து மணி வரை இருப்பாள். வந்து என்ன செய்ய? இவரால் பேச முடியாது. அவளுக்கோ பேச்சு அளந்துதான் வரும். ஒருவர் முகத்தை ஒருவர் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

ஐந்தாம் நாள் அவள் ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அவளுக்குச் சரித்திர நாவல் என்றால் உயிர். நாலு பாகம், ராஜா, மந்திரி, கோட்டை, முற்றுகை என்று போகிற அந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் வாங்கியவள் இன்றுவரை விடவில்லை. கண்டக்டருக்கு அது ஒரு கேலிப் பொருள். வீட்டுக்குள் நுழையும்போதே, "என்ன, இன்னிக்கு உங்க ராஜா சாப்பிட்டாரா?" என்பார். அவளும் ஒரு முறை முறைத்துவிட்டு மூடி வைப்பாள். அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்து வந்திருந்தாள்.

நர்ஸ் பதறிப்போனாள். "அம்மா! பழைய புத்தகத்துல கண்ணுக்குத் தெரியாம பூஞ்சை இருக்கும். அவருக்கு அது போதும், ஆளையே சாய்ச்சிடும். எடுத்துட்டுப் போங்க."

அந்த நேரம் பார்த்து அங்கே தள்ளுவண்டியோடு வந்தார் ஆவியக்கா. ஆஸ்பத்திரியின் துணி, கத்திரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி, நீராவி இயந்திரத்தில் வேகவைத்து, கிருமி நீக்கி அனுப்புகிறவர். அதனால்தான் அந்தப் பேர். மற்றபடி நல்ல வாட்டசாட்டமான மனுஷி. "புத்தகம் வேணாம், எதிர்க்கடையில ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்கம்மா" என்றார். "துணிய வேகவைக்கிறேன், கத்தியை வேகவைக்கிறேன், உங்க ராஜாவை வேகவைக்க மாட்டேனா?"

டாக்டரும் சரி என்று தலையாட்டினார். முதல் நாள் வேகவைத்ததில் எழுத்தின் மை உருகி, தாளோடு தாள் அப்பளமாய் ஒட்டிக்கொண்டது. ஆவியக்கா அசரவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு தாளுக்கு நடுவில் காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணி ஒன்றை வைத்துப் பொட்டலம் கட்டினார். மேலே ஒரு சீட்டில், தாள் இத்தனை, துணி இத்தனை என்று எழுதினார். போனது எத்தனை, வந்தது எத்தனை என்று இரண்டு தடவை எண்ணாமல் எதையும் வெளியே விடுவது அவர் வழக்கமில்லை. அந்த வேலையில் எண்ணிக்கை பிசகினால் யார் வயிற்றுக்குள்ளாவது துணி தங்கிப்போகும்.

அப்படியாகத் தினம் ஓர் அத்தியாயம் கண்ணாடி அறைக்குள் போனது. தாள் பழுப்பேறி விறைத்துக்கொண்டு வரும். கண்டக்டர் முதலில் வேண்டா வெறுப்பாகத்தான் கையில் எடுத்தார். மூன்றாம் நாள், "சிஸ்டர், இன்னிக்குப் பொட்டலம் வரலையா?" என்று, பேச முடியாததற்காகக் கொடுத்திருந்த பலகையில் எழுதிக் காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார்.

காரணம், ராஜாவுமல்ல, ராணியுமல்ல. வடக்கு வாசல் காவலன் என்று ஒருவன். நாவலில் அவனுக்குப் பேர்கூடக் கிடையாது. வயசாளி, ஒரு கையில் இரண்டு விரல் இல்லை, வாய் மட்டும் இரண்டு ஆளுக்குப் பேசும். எதிரிப் படை கோட்டையைச் சுற்றி வளைத்துக்கொள்ள, உள்ளே தண்ணீர் குறைய, ஆட்கள் சோர்ந்துபோக, இவன் மட்டும் வாசலில் நின்றுகொண்டு போகிற வருகிற எல்லாரையும் வம்புக்கு இழுத்துச் சிரிக்க வைப்பான். படித்துவிட்டுக் கண்டக்டர் தனக்குத்தானே சிரித்தார். 'நம்ம ஆளுய்யா இவன். நாமளும் ஆயுசு பூரா வாசல்லயே நின்னவன்தானே.'

மூன்று மணிக்கு மனைவி வெளியே மூலப் புத்தகத்தைப் பிரிப்பாள், இவர் உள்ளே பொட்டலத்தைப் பிரிப்பார். இரண்டு பேரும் ஒரே அத்தியாயம். அவர் எழுத்துக் கூட்டாத குறையாகப் படிப்பார். அவள் அவர் தாளைத் திருப்பும் வரை காத்திருப்பாள். காவலன் ஏதாவது சொல்லிவிட்டால் இரண்டு தலையும் ஒரே நேரத்தில் நிமிரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது சத்தமில்லாமல் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது அந்தப் பதிமூன்று நாளில்தான் அதிகம். இதைக் கண்டக்டரே ஒப்புக்கொள்வார்.

ஒருநாள் கண்ணாடியோரப் போனை எடுத்து, வலியோடு வலியாக, "கோட்டைக்குள்ள மொத்தம் எத்தனை நாள் இருந்தாங்க?" என்று கேட்டார்.

"நாப்பத்தாறு நாள்."

"அட, நமக்கு அவ்வளவு இல்லையே" என்று திருப்தியாகப் போனை வைத்தார்.

பத்தொன்பதாம் நாள்தான் வினை வந்தது. வாய்ப்புண் கொஞ்சம் ஆறி, மெதுவாகப் பேச வருகிற சமயம். ஆனால் வெள்ளணு இன்னும் நூற்றுச் சொச்சத்திலேயே நின்றது. பதினைந்தாம் நாளே ஏறிவிடும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அன்று பொட்டலம் காலையிலேயே வந்துவிட்டது. மூன்று மணிவரை யார் பொறுப்பது? முந்தின நாள் கதை அப்படியொரு இடத்தில் நின்றிருந்தது. வடக்கு வாசலில் ஏதோ சத்தம், காவலன் பந்தத்தை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கிப் போகிறான். கண்டக்டர் பரபரவென்று பிரித்தார். பார்த்தால், இளவரசி ஆற்றங்கரையில் படகு பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசலையும் காணோம், காவலனையும் காணோம்.

அவர் கண் தானாகப் பக்கத்தின் அடிக்குப் போனது. கட்டு டிக்கெட் காலத்து ஆள் அவர். கட்டு கைக்கு வந்ததும் முதல் நம்பர், கடைசி நம்பர், நடுவில் விட்டுப்போனது உண்டா என்று பார்க்காமல் பையில் போடவே மாட்டார். மிஷின் வந்து இத்தனை வருடமாகியும் எந்தத் தாளைக் கண்டாலும் நம்பரைப் பார்க்கிற புத்தி போகவில்லை. நேற்றைய கடைசிப் பக்கம் முந்நூற்றுப் பதின்மூன்று. இன்றைக்கு முதல் பக்கம் முந்நூற்று முப்பது. நடுவில் பதினாறு பக்கம் அவுட்.

ஜெராக்ஸ் கடைக்காரன் தூங்கி வழிந்திருப்பான் என்று முதலில் நினைத்தார். மேலே படித்தபோது, ஓரிடத்தில் மந்திரி, "நம் வடக்கு வாசல் காவலன்" என்று ஆரம்பிக்கிறார், அதற்கப்புறம் ஒரு வரி முழுக்க வெள்ளை. யாரோ அளவெடுத்துத் தாளை நறுக்கி, அந்த வரியின் மேல் வைத்துப் படி எடுத்திருக்கிறார்கள். நர்ஸிடம் சொல்லி ஆவியக்காவைக் கேட்கச் சொன்னார். பதில் உடனே வந்தது. "அந்தம்மா கையால எண்ணிக் குடுத்தது ஒம்பது தாள். நான் வேகவச்சது ஒம்பது, அனுப்புனது ஒம்பது. இங்க ஒண்ணும் தொலையாது."

கண்டக்டர் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காவலன் செத்துவிட்டான். அது புரிய மந்திரி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதை ஏன் அவள் மறைக்க வேண்டும்? கதையில் ஒருவன் செத்தால் இவருக்கென்ன? மறைக்கிறாள் என்றால், சாவுப் பேச்சே இவர் காதில் விழக்கூடாது என்று நினைக்கிறாள் என்றுதானே அர்த்தம்? முந்தாநாள் நடைபாதையில் டாக்டர் அவளிடம் ஏதோ சொன்னதும், அவள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தன. 'அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் யாரும் சொல்லல.'

அன்று சாப்பாடு இறங்கவில்லை, மாத்திரையும் போடவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, "டாக்டரை வரச் சொல்லுங்க சிஸ்டர். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வீட்டுக்குப் போறேன்" என்றார்.

"விளையாடுறீங்களா? இந்தக் கதவைத் தாண்டினா ஒரு சாதாரண ஜலதோஷம் போதும் உங்களுக்கு."

"இருக்கட்டும். சாகறதுன்னு ஆயிட்டா நாலு மனுஷங்களுக்கு நடுவுல சாகறேன். இந்தக் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுச் சாக மாட்டேன்."

நர்ஸின் புருவம் ஏறி இறங்கியது. "டாக்டர் நாலு மணிக்குத்தான் வருவார். அதுவரைக்கும் படுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவள் போய் மனைவிக்குப் போன் செய்திருக்க வேண்டும். மூன்று மணிக்கு வருகிறவள் இரண்டே முக்காலுக்கே வந்துவிட்டாள், மூச்சு வாங்க. நாற்காலியில்கூட உட்காராமல் போனை எடுத்தாள்.

"ஏங்க, மாத்திரை போடலையாமே? என்ன ஆச்சு உங்களுக்கு?"

"முந்நூத்திப் பதிமூணுக்கு அப்புறம் என்ன வரும்?"

"என்ன?"

"கணக்குத் தெரியாதா உனக்கு? முந்நூத்தி முப்பது வருது. நடுவுல பதினாறு பக்கம் எங்க?"

அவள் முகம் மாறியது. "கடைக்காரன் விட்டுட்டான் போல..."

"பொய் சொல்லாத. கடைக்காரன் விட்டா பக்கம் போகும். வரிக்கு மேல வெள்ளைத் தாளை நறுக்கி ஒட்டினது யாரு, கடைக்காரனா?" தாளைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தார். "டாக்டர் என்ன சொன்னாரு, அதைச் சொல்லு. நான் பொழைக்க மாட்டேன்னு சொல்லிட்டாரா? அன்னிக்கு நீ அழுததை நான் பார்த்தேன்."

அவள் அழப்போகிறாள் என்றுதான் கண்டக்டர் எதிர்பார்த்தார். அவளுக்கோ கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் இப்படியொரு கோபத்தை அவர் பார்த்ததில்லை.

"எல்லாமே உங்களைப் பத்தித்தானா?" என்றாள். "டாக்டர் உங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. 'நீங்க சாப்பிட்டீங்களாம்மா'ன்னு என்னைக் கேட்டாரு. அவ்வளவுதான். பத்து நாளா என்னை யாரும் அதைக் கேக்கல. தாங்க முடியாம அழுதுட்டேன். போதுமா?"

கண்டக்டர் தாளைக் கண்ணாடியிலிருந்து இறக்கினார்.

"பதினாறு பக்கத்தையும் உங்களுக்காக ஒளிச்சு வைக்கல. என்னால முடியல. கடையில புத்தகத்தை விரிச்சு மிஷின்ல வைக்கப் போனேன், கை வர மாட்டேங்குது. அதைத் தள்ளிட்டு அடுத்த அத்தியாயத்தை எடுத்துட்டேன், மந்திரி சொல்ற அந்த வரியையும் பார்க்க முடியாம தாளை வச்சு மூடிட்டேன். அந்த அத்தியாயத்தை நான் எத்தனை தடவை படிச்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா? பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் சமையலறையில உக்காந்து அழுவேன். மூஞ்சியக் கழுவிட்டு வந்து உங்களுக்குத் தட்டு வைப்பேன். ஒரு நாளாவது 'ஏன் கண்ணு சிவந்திருக்கு'ன்னு கேட்டிருக்கீங்களா?"

"நான்..."

"விடியறதுக்கு முன்னாடி போவீங்க, எல்லாரும் படுத்தப்புறம் வருவீங்க. ஊரோட பேசித் தீர்த்துட்டு வீட்ல வந்து 'தொண்டை கட்டிப்போச்சு, பேசாத'ம்பீங்க. நான் யாரோட பேசறது? நாலு சுவரோடயா? அந்த வாசல்காரன்தாங்க எங்கூடப் பேசிட்டிருந்தான். உங்களுக்குப் பத்தொம்பது நாள். எனக்கு இருபத்திரண்டு வருஷம்." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "அவன் செத்துட்டா பரவாயில்ல, அடுத்த மாசம் முதல் பாகத்துலேர்ந்து மறுபடி எடுப்பேன், உயிரோட இருப்பான். ஆனா இப்போ... அவன் சாகறதைப் படிச்சுட்டு, இந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து உங்க மூஞ்சியப் பார்த்துட்டு, அப்புறம் அந்த வீட்டுக்குத் தனியாப் போய்க் கதவைத் திறக்கணும். என்னால ஆகாதுங்க."

கண்டக்டரை வெட்கம் பிடுங்கித் தின்றது. எந்தப் பயணிக்கு எங்கே வலிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லுகிற ஆள் என்று டிப்போவே மெச்சும் அவரை. வீட்டில் ஒருத்திக்கு வலித்தது மட்டும் தெரியவில்லை. தனிமை என்றால் என்ன என்று இந்தப் பத்தொன்பது நாளில் தான்தான் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல ஊரைக் கூட்டியிருக்கிறோமே என்று நினைத்தபோது, வாய்ப்புண்ணைவிட அது எரிந்தது.

"புத்தகம் பையில இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. எதுக்கு?"

"எடு. முந்நூத்திப் பதினாலைப் பிரிச்சுக் கண்ணாடியில வை. எழுத்து என் பக்கம் இருக்கட்டும்."

அவளுக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. பூஞ்சை அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம், நடுவில் கண்ணாடி. இந்தச் சின்ன விஷயம் இத்தனை நாள் ஒருவருக்கும் தோன்றாமல் போயிற்றே, அநியாயமாக ஒரு ராஜ்யத்தையே வேகவைத்துவிட்டார்களே என்று வேறு நாளாயிருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள்.

அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் புத்தகத்தை விரித்துக் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்தாள். அவளுக்கு அட்டைதான் தெரியும். இவருக்கு எழுத்து. கண்டக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

சும்மா சொல்லக்கூடாது, மோசமாகத்தான் படித்தார். புண் பட்ட நாக்கு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை நின்றது. சம்ஸ்கிருதப் பேர் வந்தால் தடுக்கி விழுந்தார். உதட்டோரம் ரத்தம் கசிந்தது, துடைத்துக்கொண்டார். பந்தத்தோடு இறங்கிப் போன காவலன் வாசலில் என்ன பார்த்தான், வெளியே எத்தனை பேர் ஏணியோடு நின்றார்கள், உள்ளே தூங்குகிறவர்களை எழுப்ப அவன் தனியாளாக மணியை எப்படி அடித்தான், எல்லாம் வந்தது. நடுநடுவே அவன் அந்த நிலைமையிலும் கிண்டல் பேசினான். அந்த இடங்களில் கண்டக்டர் குரல் கொஞ்சம் தேறியது. பக்கத்தைத் திருப்ப வேண்டிய நேரத்தில் அவர் விரலை உயர்த்துவார். அவள் திருப்பி, மறுபடி அழுத்திப் பிடிப்பாள்.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். உறைகளை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு காகிதத்தோடு உள்ளே நுழைந்து, "கையெழுத்துப் போடணும்னு சொன்னீங்களாமே" என்று ஆரம்பித்தார். கண்டக்டர் திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தார். "இருங்க சார், முக்கியமான இடம்." டாக்டர் கண்ணாடியைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், அதற்குப் பின்னால் தெரிந்த பத்து விரல்களைப் பார்த்தார். காகிதத்தை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, கட்டில் ஓரமிருந்த மாத்திரையையும் தண்ணீரையும் நாற்காலிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, சத்தம் போடாமல் வெளியே போனார். கண்டக்டர் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மாத்திரையை விழுங்கிக்கொண்டார்.

முந்நூற்று இருபத்தேழில் காவலனுக்கு அம்பு பட்டது. மணிக்கயிற்றை விடாமல் பிடித்தபடி அவன் சரிந்தான். கண்டக்டர் நிறுத்தாமல் படித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புத்தகம் ஆடியது. அட்டைக்குப் பின்னாலிருந்து அவள் விம்முவது போனில் கேட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை திருப்பினால் வரும் இரண்டு பக்கம்தான் பாக்கி.

"போதுங்க" என்றாள். "நிறுத்திடுங்க. உங்களுக்கும் வாய் வலிக்கும். இதோட விட்டுடலாம்."

"கையை எடுக்காத" என்றார் கண்டக்டர். "பதினோரு தடவை தனியா அழுதிருக்க. இந்தத் தடவை நான் கூட இருக்கேன். திருப்பு."

அவள் திருப்பினாள்.